பங்குனி முதல் ஆடி வரை

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை மாலை.

மக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டெல்லித் தம்பி கையெழுத்தால்லா இருக்கு, அண்ணாச்சி" என்று கொடுத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தெற்காசியாவின் ஏழு நாடுகளும் கூடிப் பேசப் போகும் ஆயத்தக் கூட்டத்துக்கு உன்னை அனுப்புகிறார்கள், சுங்கவரிச் சலுகைப் பட்டியலின் முதல் வரைவை நீயே எழுதியிருக்கிறாய், இன்னும் பத்து நாளில் விமானம் என்பதெல்லாம் வாசிக்க வாசிக்க இனித்தது. உன் அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லி முடித்திருப்பாள். ஆனால் நீ கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அதை வாசித்ததும் காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். அந்த ஏழில் ஒரு சின்ன நாட்டுக்காரர்கள் தங்கள் உருளைக்கிழங்கு அறுவடை மாதங்களில் நம் கிழங்கு உள்ளே வரக்கூடாது என்று அடிக்குறிப்பு கேட்கிறார்களாம். "மிளகாய் விஷயத்தில் நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்யப் போகிறேன் அப்பா. 'அடுத்த மறுஆய்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லி எடுக்க வைத்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். என்னைச் சந்தோஷப்படுத்த என்றே எழுதியிருக்கிறாய். அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது.

அந்த மிளகாய்க் கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? சாப்பாட்டு மேசையில், ரயிலில், உன் சித்தி கல்யாணப் பந்தியில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல் யார் கிடைத்தாலும் சொன்னேன். சொல்லச் சொல்ல அதில் எனக்கு ஆகாதது எல்லாம் உதிர்ந்துபோய், நான் ஒரு பெரிய சூரனாக மிஞ்சினேன். நீ கேட்டு வளர்ந்தது அந்தக் கதையைத்தான். உதிர்ந்ததை இப்போது சொல்லுகிறேன். பொறுமையாக வாசி. எனக்குச் சுருக்கமாக எழுத வராது, முப்பது வருஷம் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிய கை.

முதலில் இந்தப் பட்டியல் என்ற சங்கதி எப்படிப் பிறந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பாங்காக்கில் ஆசிய நாடுகள் சில உட்கார்ந்து, பணக்கார நாடுகளையே நம்பிக் கிடக்காமல் நமக்குள் வரியைக் குறைத்துக்கொள்வோம் என்று பேசத் தொடங்கின. எண்ணம் உயர்ந்த எண்ணம்தான், இப்போதும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மேசையில் கடைசி நாற்காலி என்னுடையது, பெரியவர்களுக்குக் காகிதம் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒவ்வொரு நாடும் இரண்டு பட்டியல் கொண்டுவரும். ஒன்று, எனக்கு இது வேண்டும் என்பது. இன்னொன்று, நான் இதைத் தருகிறேன் என்பது. தருகிறேன் என்ற பட்டியலை நாங்கள் தயாரித்த விதத்தைக் கேட்டால் சிரிப்பாய். கடந்த சில ஆண்டுகளில் எந்தப் பொருள் நாட்டுக்குள் வரவே இல்லையோ, அதைத் தேடிப் பிடித்து அதற்கு வரியைக் குறைப்போம். வெயில் கொளுத்தும் ஒரு நாடு பனி வழிக்கும் எந்திரத்துக்குச் சலுகை தந்தது, நாங்கள் கைதட்டினோம். யாருக்கும் நோகாமல் கொடுப்பது, எதிராளிக்கு நோவதை அவர் அறியாமல் வாங்குவது. இதைத்தான் திறமை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நானும் கெட்டிக்கார மாணவன்.

அதன் பிறகு எனக்குக் கொழும்பில் வேலை. நீ அப்போது எட்டாம் வகுப்பு. கடற்கரையில் பட்டம் விட்டதும், பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததும் நினைவிருக்கும். நாம் போன புதிதில் அங்கே எல்லாவற்றுக்கும் வரிசை. ரொட்டிக்கு வரிசை, துணிக்கு வரிசை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்தி வைத்திருந்தார்கள். பிறகு ஆட்சி மாறியது, கதவைத் திறக்கிறோம் என்றார்கள். எதை, எப்போது, எவ்வளவு திறப்பது என்று துறை துறையாகப் பேச்சு நடந்தது. நம் தூதரகத்தில் வணிகம் பார்க்கும் அதிகாரி என்பதால் நம் பக்கத்திலிருந்து பேசப் போனவன் நான்.

அந்த நேரம் பார்த்து உன் பெரியப்பா கொழும்புக்கு வந்தார். நமக்குக் குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி என்று உனக்குத் தெரியும். நான் படிக்கப் போக, காட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர் அவர். எனக்காக நின்றேன் என்று ஒரு நாளும் சொல்லிக் காட்டியவர் இல்லை, அதனாலேயே அவர் எதைக் கேட்டாலும் எனக்கு மறுக்க வராது. ஒரு பை நிறைய மிளகாய் வத்தலைக் கொண்டுவந்து என் மேசைமேல் கொட்டினார். வீடு முழுக்க நெடி ஏறி நீயும் உன் அம்மாவும் தும்மிக்கொண்டு வாசலுக்கு ஓடினீர்கள். "மாசி, பங்குனியில காடெல்லாம் வத்தல் எடுத்துப் போட்டுருக்கோம். வாங்க நாதி இல்லலே. வச்சிருந்து விக்க எவன்கிட்ட எடம் இருக்கு? இங்கன ஒரு வழி பண்ணிக் குடு. நம்ம ஆளுவ உன்னயத்தான் நம்பிட்டு இருக்கானுவ" என்றார். நம் ஆட்கள் என்று அவர் சொன்னது இளையரசனேந்தல் வரைக்கும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் அத்தனை பேரையும். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் நான் கஞ்சி குடித்திருக்கிறேன். செய்தே தீர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

இதுவரை நீ கேட்ட கதைதான். இனிமேல் வருவதை நீ கேட்டதில்லை.

பேச்சுக்கு மூன்று வாரம் முன்னால் நான் யாழ்ப்பாணம் போனேன். வேறு அலுவலாகப் போனவன், வழியில் பார்த்ததை விட முடியாமல் காரை நிறுத்தச் சொன்னேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மிளகாய்த் தோட்டம். செம்மண்ணில் கிணறு வெட்டி, மிசின் வைத்துத் தண்ணீர் இறைத்து, ஒரு புல் பூண்டு இல்லாமல் குழந்தையைக் குளிப்பாட்டி வைத்த மாதிரி வைத்திருந்தார்கள். காய் அப்போதுதான் நிறம் மாறிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்த அந்த ஆண்டுகளில் கொழும்பு முழுக்க அவர்கள் மிளகாய்தான். அந்த வருமானத்தில் ஓலை வீடு கல்வீடாகியிருந்தது, பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு தோட்டக்காரர் என்னை உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். எப்போது அறுவடை என்று கேட்டேன். பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை பழம் பிடுங்கலாம், முற்றத்தில் போட்டுச் செத்தலாகக் காயவைத்துத்தான் விற்பது என்றார். வத்தலுக்கு அவர்கள் செத்தல் என்பார்கள். நானும் ஒரு மிளகாய்ச் சம்சாரி மகன் என்றதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் காட்டுக்கு மழை எப்போது, இலை சுருண்டால் என்ன செய்வீர்கள் என்று விடாமல் கேட்டார். எதற்காக அறுவடை மாதத்தைக் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

பேச்சு நாளில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு சிங்கள அதிகாரி, ஓய்வு பெற ஒரு வருஷமோ என்னவோ இருந்தது. மெதுவாகப் பேசுவார், எதையும் பென்சிலால்தான் எழுதுவார். பட்டியலில் மிளகாய் வந்ததும், அதன் கீழே ஓர் அடிக்குறிப்பை எழுதி என் பக்கம் தள்ளினார். பங்குனி முதல் ஆடி வரையுள்ள மாதங்கள் நீங்கலாக என்று அதற்கு அர்த்தம். வடக்கே உள்ள விவசாயிகள் தாங்க மாட்டார்கள், இந்த மாதங்களை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றபடி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்றார். நியாயம் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் நம் ஆட்களுக்கு மாசியும் பங்குனியும்தானே வத்தல் மாதம்? ஆவணிவரை வைத்திருக்க அவர்களுக்கு எங்கே இடம்? இந்த இரண்டு நியாயத்தையும் மேசைமேல் வைத்து, நீங்கள் இரண்டு மாதம் விடுங்கள், நாங்கள் இரண்டு மாதம் விடுகிறோம், வரும் சரக்குக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம் என்று பேசியிருக்கலாம். அதற்கு இன்னும் ஒரு நாள் ஆகியிருக்கும். என் திறமையைக் காட்ட அதில் இடம் இல்லை. தேநீர் இடைவேளையில் அவரைத் தனியே அழைத்துப் போனேன். மாதக் கணக்கெல்லாம் போட்டால் கப்பல்காரர்களும் சுங்கத்தாரும் குழம்புவார்கள், ஒரு வருஷம் போகட்டும், ஏதாவது தொல்லை வந்தால் மறுஆய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கேட்டிருந்த வேறொரு பொருளுக்கு அங்கேயே தலையாட்டினேன். கடைசியாக, "நானே இந்த விவசாயம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாணம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள்" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் அவர் மடங்கினார். நான் போய்ப் பார்த்தவன், அவர் பார்க்காதவர். ரப்பரை எடுத்து அந்தக் குறிப்பை அழித்து, தூளைக் கையால் தட்டிவிட்டார். மறுஆய்வு என்று ஒன்று நடக்கவே இல்லை. நடக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும், மக்கா.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, "அங்கன உள்ளவங்களும் பிள்ளகுட்டிக்காரங்கதானே" என்றாள், அவ்வளவுதான். உனக்கு அரசியல் தெரியாது என்று சிரித்தேன். அதன் பிறகு அந்தக் கதையை நான் சொல்லத் தொடங்கினாலே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள், நீ கவனித்திருக்கிறாயா? நான் பல வருஷம் கவனிக்கவில்லை.

நம் ஊருக்காவது விடிந்ததா என்றால், கொஞ்ச காலம் விடிந்தது. தூத்துக்குடிக்கு லாரி லாரியாக வத்தல் போனது. பருத்தி போட்டவன், கம்பு போட்டவன் எல்லாம் அதை விட்டுவிட்டு மிளகாய் நட்டான். சம்சாரியிடம் வைத்திருக்க இடம் இல்லை, உன் பெரியப்பா சங்கரன்கோவிலில் கமிஷன் கடையும் சரக்கு அடைக்கக் கிட்டங்கியும் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாராவது ஒருவர் போட்டுத்தானே ஆக வேண்டும். நாலைந்து வெள்ளாமை போவதற்குள் கொழும்பு வியாபாரிகள் வேறு நாட்டிலிருந்து இன்னும் மலிவாக வாங்கத் தொடங்கினார்கள். திறந்த கதவு, யார் வேண்டுமானாலும் நுழையலாம். காடு முழுக்க மிளகாயை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் நின்றார்கள். விடுமுறைக்கு வந்த என்னிடம் பெரியப்பா, "ஏலே, நீ தொறந்துவிட்ட கதவுல நம்ம மட்டுமா நொழைவோம்னு நெனச்சே?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதையும் நான் உன்னிடம் சொன்னதில்லை.

அந்தக் கதவு திறந்ததே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. வரிசையில் நின்ற கொழும்புக்காரனுக்கும் குழம்பில் போட மிளகாய் வேண்டும். நாடுகள் ஒன்றோடொன்று வாங்கி விற்றால் நல்லதுதான், இல்லையென்றால் இந்தத் தொழிலில் நான் இருந்தே இருக்க மாட்டேன். நான் சொல்லுவது அந்த ஒற்றை அடிக்குறிப்பை. பட்டியலில் எல்லாப் பொருளுக்கும் எண் உண்டு, வரி உண்டு, எடை உண்டு. அது எந்த மாதம் யார் முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. யாராவது மெனக்கெட்டு அடியில் எழுதினால்தான் உண்டு. எழுதிய ஒருவரையும் அழிக்க வைத்தவன் நான்.

இப்போது இந்த வாரம் நடந்ததைக் கேள். ஓய்வு பெற்று வந்ததிலிருந்து பகலில் பெரியப்பா கிட்டங்கியில் போய் உட்காருவது எனக்கு வழக்கம். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுவார்கள். இலங்கை அகதிகள் முகாமிலிருந்தும் நாலைந்து பேர் காலையில் பஸ்ஸில் வருவார்கள். செவ்வாய்க்கிழமை அவர்களில் ஓர் அம்மா ஒரு வத்தலை எடுத்து, முறித்து, விதையைப் பார்த்து, "இது பிந்தின காய், நிழலிலை காய வைச்சிருக்கினம்" என்றாள். கிள்ளுகிறவர்கள் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. மிளகாய் போட்டவர்களா என்று கேட்டேன். பரமேஸ்வரி என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்துப் பக்கம் பதினெட்டுப் பரப்புத் தோட்டமாம். பரப்பு என்பது அவர்கள் நில அளவு. கேட்டதற்கெல்லாம் கை நிற்காமல் பதில் சொன்னாள். "கப்பலிலை சாமான் வந்து இறங்க, எங்கட செத்தலை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. முத்தத்திலை கிடந்து கறுத்துப் போச்சுது. பங்குனி, சித்திரையிலை வந்து இறக்கினால் நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள். மறு வருஷமும் அப்படியே ஆனதாம். புருஷன் மனம் ஒடிந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை. தோட்டத்தில் இனி என்ன இருக்கிறது என்று இரண்டு மகன்களும் வீட்டை விட்டுப் போனார்கள். ஒருவன் எங்கோ வெளிநாட்டில். மற்றவனைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றாள். அதன் பிறகு சண்டை, படகு, முகாம். எல்லாவற்றையும் மிளகாய் மேல் போட முடியாது என்று எனக்குத் தெரியும், அவளும் போடவில்லை. யாரையும் திட்டக்கூட இல்லை. "ஆரோ பெரிய ஆக்கள் கதைச்சு முடிச்சிருப்பினம். அவையளைச் சொல்லி என்ன? எங்கட அறுவடை எப்ப எண்டு அவையளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். வெயில் தாழ்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெரியப்பாவிடம் சொன்னேன், அவளிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று. "சொல்லி என்னலே ஆவப்போவுது? மொகத்துல முழிக்கப் புடிக்காம அவ வேலைய விட்டுட்டுப் போனா, அந்தக் கஞ்சிக்கும் என்ன செய்வா? உன் மனசு லேசாவணும்னு அவ தலையில ஏத்தாத" என்றார். இரண்டு நாள் கிட்டங்கிப் பக்கமே போகாமல் இருந்தேன். அப்படியே காலத்தைக் கடத்தியிருப்பேன், உன்னிடம் பொய் சொல்லவில்லை. நேற்று உன் கடிதம் வந்தது. நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்யப் போகிறேன் என்று என் பிள்ளை எழுதியிருக்கிறான். அதற்கு மேல் எப்படி ஒளிந்துகொள்வது?

இன்று காலை போனேன். எல்லோரும் கைகழுவப் போன சமயம், அவள் மட்டும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். அந்த மேசையில் பேசியவன் நான்தான் என்றேன். அடிக்குறிப்பு, பென்சில், தேநீர் இடைவேளை எல்லாம் சொன்னேன். நம் ஊர் சம்சாரிகளைப் பற்றியும் சொன்னேன், மன்னிப்புக்கு முன்னால் சமாதானம் சொல்லுகிற புத்தி எனக்குப் போகவில்லை பார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அது எங்கட அறுவடை மாதம் எண்டு உங்களுக்கு அப்ப தெரியுமோ?"

"தெரியும்மா" என்றேன்.

"தெரியாமல் செய்திட்டினம் எண்டு சொல்லித்தான் இவ்வளவு வருசமும் மனசைத் தேத்தினனான்" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, கிட்டங்கியின் அந்தக் கோடிக்குப் போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மறுபடி கிள்ளத் தொடங்கினாள். நாளைக்கு வேலைக்கு வருவாளோ என்னவோ தெரியாது.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் தகப்பன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சின்ன நாட்டில் எந்த மாதம் எந்தக் காட்டில் கிழங்கு தோண்டுகிறார்கள் என்று விசாரி. நம் கிழங்குக்காரன் எந்த மாதம் தவிக்கிறான் என்பதையும் விசாரி. இரண்டையும் மேசைமேல் வைத்துப் பேசு, ஒரு நாள் அதிகமானால் ஆகட்டும். உன் மேலதிகாரிக்கு இது பிடிக்காது. கெட்டிக்காரன் என்ற பெயர் உனக்கு இந்த முறை கிடைக்காமல் போகலாம். என்னை இனி என்ன நினைப்பாயோ, அதையும் நான் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால், நீ அந்தக் குறிப்பை எடுக்க வைத்துவிட்டு, விவரம் தெரியாமல் செய்த பிள்ளையாகவாவது திரும்பி வந்திருப்பாய். அந்தச் சலுகையை நான் உனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டேன். இனி நீ எதைச் செய்தாலும் தெரிந்துதான் செய்வாய்.

உன் அப்பா